மாளிகை ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரமம்: யார் இந்த ஜீவா?

கானாடுகாத்தானுக்குப் போனால் பர்மா தேக்குத் தூண், பளிங்குத் தரைன்னு போட்டோ எடுத்தே நாள் ஓடிடும். 1927 செப்டம்பரில் காந்தியும் இந்த ஊருக்கு வந்தார். அதே செட்டிநாட்டுப் பயணத்தில் சிராவயலுக்கும் போனார். அங்கே 20 வயது இளைஞர் ஒருவர் ஆசிரமம் நடத்தினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்தார்கள், ராட்டையில் நூல் நூற்றார்கள். அந்த இளைஞர்தான் ப.ஜீவானந்தம். பிறந்தது 1907, பூதப்பாண்டி.

ராட்டையை விட்டு அவர் போய்ச் சேர்ந்தது பஞ்சாலை வாசலுக்கு. இடையில் சுயமரியாதை இயக்கம். பகத் சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழில் தந்ததற்குச் சிறை. பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. கோவை மில் தொழிலாளர்களின் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் பேசினார். பாட்டும் எழுதினார். எழுத்து தெரியாதவர்களிடம் துண்டுப் பிரசுரம் போகாது, பாட்டு போகும்!

1952இல் வண்ணாரப்பேட்டை எம்.எல்.ஏ. ஆனார். பிற்காலத்தில் இருந்தது தாம்பரத்தில், ஒரு குடிசையில். காமராஜர் தேடி வந்தபோது மாற்று வேட்டி இல்லாமல் தவித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை எல்லோருக்கும் தெரியும்; அவர் யாருடைய கூலிக்காகச் சிறை போனார் என்பதுதான் அதில் வராது. 1963 ஜனவரி 18இல் இறந்தபோது வயது 55.