மாட்டு டாக்டரும் எலி மருந்தும்



ஈப்போவைச் சுற்றிலும் ஒரு காலத்தில் நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர்க் காடுகள் பல, இன்று செம்பனையாக நிற்கின்றன. மரம் மாறியதும் வேலையும் மாறிப்போச்சு. கத்தியும் வாளியும் போய், குலை வெட்டுவது, மருந்தடிப்பது, மரத்தடியில் எலி மருந்து வைப்பது என்றாகிவிட்டது. அந்த எலி மருந்தின் கதை ஒரு மாட்டு டாக்டரிடம் தொடங்குகிறது. கொரியா நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த அவர் பெயர், நம் பக்கம் வந்து சேரவே இல்லை.

பிராங்க் ஸ்கோபீல்ட் 1889-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1907-ல் பிழைப்புத் தேடிக் கனடாவுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் பண்ணையில் கூலி வேலை. நம் தாத்தாமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதும் ஏறத்தாழ அந்தக் காலந்தான். ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத படிப்பு இவருக்குக் கிடைத்தது. டொரண்டோவிலிருந்த கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1910-ல் தேறினார். படிக்கும் காலத்திலேயே இளம்பிள்ளை வாதம் தாக்கி ஒரு கையும் ஒரு காலும் முடங்கின. அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் கைத்தடிதான்.

1916-ல் கொரியாவின் சியோல் நகரில் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகப் போனார். அப்போது அந்த நாடு ஜப்பானியர் பிடியில் இருந்தது. 1919 மார்ச் 1-ந் தேதி மக்கள் விடுதலை கேட்டுத் தெருவில் இறங்கியபோது, இவர் படப்பெட்டியோடு போய் நின்றார். அடுத்த மாதம் ஜேயாம்ரி என்ற கிராமத்தில், ஜப்பானியச் சிப்பாய்கள் ஊராரைக் கோவிலுக்குள் அடைத்துச் சுட்டுத் தீ வைத்தார்கள். ஊனக் காலோடு சைக்கிள் மிதித்துக்கொண்டு போய் அதைப் படமெடுத்தார் ஸ்கோபீல்ட். சயாம் ரயில் பாதையில் ஆளை இழந்த நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1920-ல் அவர் கனடா திரும்பினார்.

அங்கே வேறொரு சாவு காத்திருந்தது. பண்ணைகளில் மாடுகள் இரத்தம் வடிந்து செத்துக்கொண்டிருந்தன. கொம்பு சீவினால் போதும், காயடித்தால் போதும், சின்னக் காயத்திலிருந்து இரத்தம் நிற்காமல் ஓடும். பார்ப்பதற்குத் தொத்து நோய் மாதிரியே இருந்தது. கிருமி படித்தவரான ஸ்கோபீல்ட், கிருமியோடு நின்றுவிடாமல் மாடு தின்ற தீவனத்தைப் பார்த்தார். ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியைக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பது அங்கே வழக்கம். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தாலும் ஏழை விவசாயி அதை எறிவானா? மாட்டுக்குத்தான் போடுவான்.

ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளைத் தனியாகவும் கெட்ட தண்டுகளைத் தனியாகவும் பொறுக்கி, இரண்டு முயல்களுக்குப் போட்டார். நல்லதைத் தின்ற முயல் துள்ளித் திரிந்தது. கெட்டதைத் தின்றது இரத்தம் கசிந்து செத்தது. தொத்து நோயல்ல, தீவனத்தில் இருக்கும் விஷம் என்று 1922-ல் எழுதினார். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பொறுக்கிப் பார்க்கிற பொறுமைதான் வேண்டியிருந்தது. தீவனத்தை நிறுத்தினால் பிழைக்கும் மாடு பிழைத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்தது.

1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த கிடாரியையும் உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும் ஏற்றிக்கொண்டு, பனியில் வண்டியோட்டி கார்ல் லிங்க் என்ற ரசாயன விஞ்ஞானியிடம் வந்தார். லிங்க் குழுவினர் பல ஆண்டுகள் பாடுபட்டு அந்த விஷத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் செய்ததுதான் வார்பரின். 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. அதையே அளவோடு மாத்திரையாக்கி, இரத்தக் கட்டி உண்டாகும் நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். இன்றும் கொடுக்கிறார்கள்.

நம் செம்பனைத் தோட்டங்களுக்கும் வார்பரின் வந்தது. 1980-களில் அதற்கு அசையாத எலிகள் கிளம்பவே, அதே வகையில் இன்னும் வீரியமான மருந்துகள் வந்தன. வேலை செய்யும் விதம் ஒன்றுதான்: வைட்டமின் கே-யை முடக்கும், இரத்தம் உறையாது. தின்ற அன்றே ஒன்றும் தெரியாது. எலி செத்துவிழச் சில நாளாகும். மனிதனுக்கும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈறிலும் மூக்கிலும் சிறுநீரிலும் இரத்தம் காணும்.

ஒரு தோட்டத்தில் நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். பெயர் ஒட்டாத சாக்கில் மருந்துக் கட்டிகளைக் கொடுத்திருந்தார்கள். கையுறை இல்லை. பெண்கள் வெறுங்கையால் மரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டுக் குழந்தை அதில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து என்பதுதான். மண்டோருக்கும் தெரியவில்லை, கிராணிக்கும் தெரியவில்லை. நல்ல வேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தின் பெயர் தெரிந்தால் டாக்டர் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்து, தேவையானால் வைட்டமின் கே கொடுப்பார். வீரியமான வகை என்றால் வாரக்கணக்கில்கூடக் கொடுக்க வேண்டிவரும். ஆகவே பிள்ளையைத் தூக்கும் கை, அந்தப் பெட்டியையோ லேபிளையோ சேர்த்தே எடுக்கட்டும். மறுநாள் பிள்ளை விளையாடுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். கையாளுகிற மருந்தைப் பற்றித் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஸ்கோபீல்ட் 1955-ல் ஓய்வு பெற்றார். 1958-ல் மீண்டும் கொரியாவுக்கே போய்க் கால்நடை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அனாதைப் பிள்ளைகளுக்கு உதவி செய்தார். 1970 ஏப்ரலில் சியோலில் காலமானார். 1919-ல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் 33 பேர். இவரை 34-ஆவது ஆள் என்றே கொரிய மக்கள் அழைக்கிறார்கள். சியோல் தேசிய இடுகாட்டில் அந்நாட்டு விடுதலை வீரர்களோடு அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.