பிள்ளை உறங்காவில்லி தாசர்

உறையூரில் அவதரித்த தாசர் ஒரு மல்லர், அரச சேவகர். மனைவியார் பொன்னாச்சியாரின் கண்ணழகில் ஈடுபட்டு அவருக்குக் குடைபிடித்து நடந்தவரை, 1017-இல் அவதரித்த எம்பெருமானார், நம்பெருமாளின் திருக்கண்களைக் காட்டி ஆட்படுத்தினார். இருவரும் திருவரங்கவாசிகளாயினர்.

எம்பெருமானார் காவிரிக்கு எழுந்தருளுகையில் முதலியாண்டான் கையையும், நீராடி மீளுகையில் தாசர் கையையும் பற்றி வருவார். நீராடிய பின்னுமா இவரைத் தீண்டுவது என்று சீடர் சிலர் மனம் வெதும்பினர். பிறப்பைக் கேட்டு ஆளை எடைபோடும் அவ்வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை.

எம்பெருமானார் அவர்களுடைய உலர்ந்த வேட்டிகளைச் சிறிது கிழித்துவைக்கச் செய்தார். விடிந்ததும் மடத்தில் பெரும் பூசல். பின்னொரு நாளிரவு தாசரைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டு, பொன்னாச்சியாரின் நகைகளைக் கவர்ந்துவர அச்சீடர்களையே ஏவினார். ஒருபுறத்து நகைகளைக் கழற்றியதும், உறங்குவதுபோல் கிடந்த அம்மையார் மறுபுறத்தையும் கொள்ளட்டும் என்று புரண்டார். வந்தவர்கள் அஞ்சி விலகி, மறைந்து நின்றனர்.

வீடு திரும்பிய தாசர் மனைவியாரைக் கடிந்துகொண்டார். நகை போனதற்காக அன்று. தருபவள் தான் என்ற நினைவோடு புரண்டதற்காக. பல்லாண்டு வங்கியில் நகையை எடையிட்டுக் கடன் வழங்கிய நமக்கு, இவ்விடம் எளிதில் கடக்கக்கூடியதாக இல்லை. பொருள் பெருமாளுடையது, எடுப்பவனும் அவன் உடைமை என்றால், கொடுத்தவர் பெயரை எந்த ஏட்டில் வரவு வைப்பது?

கேட்டவற்றைச் சீடர்கள் மடத்தில் விண்ணப்பித்தனர். வேட்டிக் கிழிசலுக்குப் பூசலிட்டதை எம்பெருமானார் நினைவூட்ட, அவர்கள் தலைகவிழ்ந்து நின்றனர்.