சுண்டெலியும் ஹால்டேனும்

மரபியல் வகுப்பில் ஜே. பி. எஸ். ஹால்டேன் பெயரைக் கேளாத மாணவர் இரார். 1892 நவம்பர் 5 அன்று ஆக்ஸ்போர்டில் பிறந்த அவருக்குத் தந்தையே முதல் ஆசான். தந்தை மூச்சியக்கத்தை ஆராய்ந்த உடலியல் பேரறிஞர்.

தங்கை நவோமியுடன் சேர்ந்து வீட்டில் சுண்டெலிகளை வளர்த்தார் ஹால்டேன். ஸ்பிரண்ட் என்னும் நண்பரும் துணை நின்றார். தனித்தனிப் பண்புகள் ஒன்றையொன்று சாராமல் பேரப்பிள்ளைகளுக்குச் செல்லும் என்பது மெண்டல் விதி. ஆனால் எலிகளின் வெண்ணிறமும் இளஞ்சிவப்புக் கண்ணும் அவ்வாறு பிரியாமல், பெரும்பாலும் பெற்றோரில் இருந்த சேர்க்கையிலேயே தொடர்ந்தன. இரண்டின் மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் இருந்ததே காரணம். பாலூட்டிகளில் இப்பிணைப்பை முதன்முதலாகக் காட்டிய கட்டுரை 1915இல் வெளிவந்தது. அப்போது ஹால்டேன் போர்க்களத்தில் இருந்தார். ஸ்பிரண்டோ போரில் மாண்டு போயிருந்தார். ஆய்வு முற்றுப்பெறுமுன்னரே அச்சேறியதற்கு அதுவே காரணம். நவோமிக்கு அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை!

மரபணுக்களிடையே உள்ள தொலைவை அளக்கும் சென்டிமார்கன் என்ற அலகையும் 1919இல் இவரே வகுத்தார். காணும் ஒன்றைக் கொண்டு, அதனோடு பிணைந்த காணாத ஒன்றை அறியலாம் என்பதே இதன் சாரம். இன்றைய மரபணு அடையாளக்குறிகளின் வேர்களுள் இதுவும் ஒன்று. இப்போது கண்நிறம் தேவையில்லை. உதிர்ந்த முடியிலுள்ள டி.என்.ஏ.வே விலங்கின் உறவுமுறையைச் சொல்லிவிடும்.

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சாரலில் வாழும் நம் சாம்பல் நிற மலையணிலும் கொறிக்கும் இனமே. அதற்காக 1988இல் அமைந்த சரணாலயம் 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. கிளைவிட்டுக் கிளைதாவி வாழும் அதற்கு, மரத்தொடர் அறுந்தால் உறவும் அறும்; நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர நேரும். இரு சோலைகளின் அணில்கள் கலக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது அரிது. அடையாளக்குறிகள் சொல்லும்.

1957இல் ஹால்டேன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களைப் பவழமல்லியின் இதழ்களை எண்ணச் செய்தார். தென்னங்கீற்றுகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதுகூட அங்கே ஆய்வுப் பொருளாயிற்று. (நம்மூர்த் தோப்பில் இல்லாத தென்னையா?)

பின்னர் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வகம் அமைத்த அவர், 1964 டிசம்பர் 1 அன்று புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படியே அவர் உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பாடத்திற்காக அனுப்பப்பட்டது.