நான்சன் கண்ட நரம்புப் பாதையும் நீடித்த வலியின் மூளை அலைகளும்

ஃபிரித்யோஃப் நான்சனைத் துருவப் பயணியாகவும் அகதிகளின் காவலராகவும் உலகம் அறியும். நாடற்றோருக்கு அவர் பெயரால் வழங்கப்பட்ட பயண ஆவணத்தைப் பற்றி, 1980களில் இலங்கையிலிருந்து வெளியேறி ஒஸ்லோவில் குடியேறிய தமிழர்களும் கேள்விப்பட்டிருக்கக்கூடும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பு அவர் ஒரு நரம்பியல் ஆய்வாளர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கிறிஸ்தியானியா என்று அன்று அழைக்கப்பட்ட ஒஸ்லோவையடுத்து 1861ஆம் ஆண்டு பிறந்த நான்சன், விலங்கியல் பயின்றபின், 1882இல் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியில் சேர்ந்தார். தொழுநோய்க் கிருமியை ஆர்மாவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தது அதே நகரில்தான். நரம்புகளைச் சிதைத்து வலியுணர்வையே பறித்துவிடும் நோய் அது. வலி இல்லாமற்போவதால் கைகால்கள் எவ்வாறு அழிகின்றன என்பதை, 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் பின்னாளில் உலகுக்கு எடுத்துக்காட்டினார்.

நான்சன் எடுத்துக்கொண்டதோ நோயாளிகளை அல்ல. தாடையற்ற, விலாங்கு போன்ற ஹேக் மீனின் நரம்புகளை. நரம்பணுக்களை வெள்ளி உப்பால் கருநிறமாக்கிக் காட்டும் முறையைக் கற்க, 1886இல் இத்தாலியின் பாவியா நகருக்கு, கமிலோ கொல்ஜியிடம் சென்றார். பரிசாகக் கிடைத்த தங்கப் பதக்கத்தைச் செம்பில் பெற்றுக்கொண்டு, மிச்சப்பட்ட பணத்தை அந்தப் பயணத்துக்குச் செலவிட்டார் என்பார்கள்.

1887இல் வெளிவந்த அவரது ஆய்வு, உடலிலிருந்து தண்டுவடத்தின் பின்புறமாக நுழையும் உணர்வு நரம்பிழைகள் இரண்டாகக் கிளைத்து, ஒன்று மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் செல்வதை விவரித்தது. வலி உள்ளிட்ட உணர்வுச் செய்திகள் தண்டுவடத்துக்குள் புகும் வாயில் அது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னிய வலையல்ல, தனித்தனியானவை என்றும் அவர் வாதிட்டார். முறையைக் கற்பித்த கொல்ஜியின் கொள்கைக்கே மாறான முடிவு இது. அதை விரிவாக நிலைநாட்டிய ஸ்பெயினின் ரமோன் இ காஹால், 1906இல் கொல்ஜியுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

1888 ஏப்ரலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வேட்டை முன்வைத்த நான்சன், சில நாட்களிலேயே கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் கடக்கப் புறப்பட்டார். அத்துடன் நரம்பியல் அவர் கையைவிட்டுப் போயிற்று. 'ஃபிராம்' கப்பலின் துருவப் பயணம், பேராசிரியர் பதவி, கடலியல், லண்டனில் தூதர் பணி, 1921இல் சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையர் பொறுப்பு, மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு என வாழ்க்கை வேறு திசையில் விரைந்தது. 1930 மே மாதம் ஒஸ்லோவை அடுத்த லீசாக்கரில் அவர் காலமானார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்ததை வெளியிட்டிருந்தார். கண்களை மூடி ஓய்ந்திருக்கையில் விநாடிக்கு 8 முதல் 13 முறை எழும் அலைக்கு ஆல்ஃபா எனப் பெயரிடப்பட்டது. இந்தத் தாளம் உருவாவதில் மூளையின் நடுவேயுள்ள தலாமஸ் வகிக்கும் பங்கை ஆராய்ந்தவர்களில் ஒஸ்லோவின் பேர் ஆண்டர்சன் முக்கியமானவர். ஸ்வென் ஆண்டர்சனுடன் இணைந்து அவர் எழுதிய நூல் 1968இல் வெளியானது. நான்சன் கண்ட வாயிலின் வழியே புகும் வலிச் செய்திகளும் இந்தத் தலாமஸ் வழியாகவே மூளையின் புறணிக்குப் போகின்றன.

ஊசி குத்துவது போன்ற கணநேர வலியின்போது, உணர்வுப் பகுதியின் ஆல்ஃபா அலைகள் சற்றுத் தணிவது பல சோதனைகளில் காணப்பட்டுள்ளது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியின் கதை அவ்வளவு எளிதன்று. ஆல்ஃபாவின் வேகம் குறைவதாகவும், அதனினும் மெதுவான தீட்டா அலைகள் மிகுவதாகவும் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில அவ்வாறு எதையும் காணவில்லை. மருந்து, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியனவும் இந்த அலைகளை மாற்றக்கூடியவை என்பதால் வலியின் தடத்தை மட்டும் பிரித்தறிவது கடினம்.

இது ஆய்வுக்கூடத்தோடு முடியும் விவகாரமல்ல. ஊடுகதிர்ப் படத்தில் ஒன்றும் தெரியாத முதுகுவலிக்காரர், தன் வலி மெய்யென மருத்துவரிடமும் முதலாளியிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் இருக்கிறார். புலம்பெயர்ந்தவருக்கு மொழியும் கைகொடுப்பதில்லை. வலியை அளக்கும் கருவியொன்று கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அலைகளில் மாற்றம் தென்படாதவர் பொய்யராகிவிடுவார் என்பதே அதிலுள்ள ஆபத்து. சட்டத் தேவைக்காக மூளைப் படங்களைக் கொண்டு ஒருவரது நீடித்த வலியை உண்மை என்றோ பொய் என்றோ தீர்மானிக்கக்கூடாது என, வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் குழு 2017இல் அறிவுறுத்தியதற்கும் இத்தகைய கவலையே காரணம்.

நான்சனின் ஆய்வேட்டில் இன்னொரு கருத்தும் உண்டு. நரம்பணுக்களைத் தாங்கிநிற்கும் வெறும் பசை என்று பலர் ஒதுக்கிய கிளையா திசு, உயர்நிலை விலங்குகளில் மிகுதியாக இருப்பதைக் கண்டு, அறிவின் இருப்பிடமே அதுவாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். மிகை ஊகம்தான். எனினும் காயம் ஆறிய பின்னும் வலி தொடர்வதில் தண்டுவடக் கிளையா அணுக்களுக்குப் பங்குண்டு என்பதை 1990களுக்குப் பிந்தைய விலங்காய்வுகள் காட்டியுள்ளன. அவற்றைக் குறிவைக்கும் மருந்துகளுக்கான தேடல் தொடர்கிறது.