பேரிக்காய் திருடியவர்

முதல் வருஷம் ஹாஸ்டலில் ரூம்மேட்டின் டிராஃப்டரை ஒளித்து வைத்தேன். எனக்கு அது தேவையே இல்லை. டிராயிங் வகுப்பில் அவன் வெளியே நின்றான். ஏன் செய்தேன்னு புரியவில்லை.

பிறகுதான் புனித அகஸ்டினைப் படித்தேன். கி.பி. 354-ல், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். 16 வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடினார். பசிக்காக இல்லை, பன்றிகளுக்குத்தான் வீசினார்கள். தப்பு செய்வதிலேயே ஒரு ருசி! ஆசைகளில் அலைந்தவர் 386-ல் மிலான் நகரில் மனம் மாறினார். மறு வருஷமே தாய் மோனிகாவையும், பின்னர் இளவயது மகனையும் இழந்தார். ஹிப்போ நகரின் ஆயரான பிறகும் அந்தத் திருட்டை மறைக்காமல் எழுதினார். தீமை தனிப்பொருள் அல்ல, நன்மையின் குறைவே என்றார். 430-ல், எதிரிகள் முற்றுகையிட்ட அந்த ஊரிலேயே மறைந்தார்.

ஆயரே ஒப்புக்கொண்டார்; எனக்கென்ன? இந்த மலர் அவன் கைக்குப் போறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்.