ஒரே லாங்குவேஜ் போதுமா? கிரேஸ் ஹாப்பரைக் கேளுங்க

முதல் வருஷம் சேர்ந்ததுமே சீனியர்கிட்ட நாம கேட்கிறது, எந்த ஒரு லாங்குவேஜ் படிச்சா காலத்துக்கும் போதும்னுதான். பைத்தான்னு ஒருத்தர் சொல்வார். சி தெரியாம எப்படின்னு இன்னொருத்தர் சண்டைக்கு வருவார். இந்தச் சண்டை ஆரம்பிச்ச காலத்திலேயே அதன் நடுவில் இருந்தவர் கிரேஸ் ஹாப்பர்.

1906இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டம், அதற்கு முன்பிருந்தே வாசர் கல்லூரியில் ஆசிரியர் வேலை. போர்க்காலத்தில் கடற்படையில் சேரப் போனால், எடை பத்தாது என்றார்கள். விடாமல் அனுமதி வாங்கிச் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்டின் மார்க் 1 கணினி அவர் கைக்கு வந்தது. (அந்தப் பூச்சிக் கதை எல்லாருக்கும் தெரியும், விட்டுடுவோம்.)

அன்றைக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பாஷை. ஒன்றுக்கு எழுதின புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. எழுதி வைத்த துணை நிரல்களைக் கணினியே எடுத்துக் கோக்கட்டுமே என்று 1952இல் ஏ-0 என்ற கம்பைலரைச் செய்தார். கணினி கணக்குத்தானே போடும், புரோகிராம் எழுதுமா என்று பலர் நம்பவே இல்லை.

அடுத்து அவர் யோசித்ததுதான் நமக்கு முக்கியம். கணிதக்காரருக்குக் குறியீடு பிடிக்கும். சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு அது தலைவலி. அவருக்குச் சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை இருக்கட்டும் என்றார். கம்பெனி மேலிடத்துக்குச் செய்துகாட்டும்போது, அதே புரோகிராமை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டினார். மெஷினுக்கு எந்தச் சொல்லானாலும் வெறும் பிட்தானே! மேலிடம் ஆடிப்போயிற்று. அமெரிக்கக் கணினி பிரெஞ்சு பேசுவதா? இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அதிலிருந்து வந்ததுதான் ஃப்ளோ-மேட்டிக்.

1959 மே மாதம் பென்டகனில் கூடிய கூட்டத்தில் அலுவலகக் கணக்குகளுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்று முடிவானது. அதுதான் கோபால். உட்கார்ந்து எழுதியது ஜீன் சாமெட் போன்றவர்கள் இருந்த குழு, ஹாப்பர் ஆலோசகர். ஆனால் அடித்தளம் பெரும்பாலும் ஃப்ளோ-மேட்டிக். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம் ஏறக்குறைய மாற்றமே இல்லாமல் இரண்டு வேறு கம்பெனி மெஷின்களில் ஓடியது. அவர் கேட்டது இவ்வளவுதான்: மெஷின் மாறினாலும் உழைப்பு வீணாகக் கூடாது. ஃபோர்ட்ரானை ஒழிக்கணும் என்று அவர் கிளம்பவில்லை. அப்படிக் கிளம்பியது ஐபிஎம். இரண்டுக்கும் பதிலாக 1960களில் பிஎல்/ஒன் கொண்டுவந்தது. இன்றைக்கு அதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்?

1966இல் கடற்படையிலிருந்து ஓய்வு. மறுவருஷமே ஆறு மாத வேலை என்று திரும்பக் கூப்பிட்டார்கள். வேலை என்ன தெரியுமா? அந்த ஒரே கோபாலை ஆளாளுக்கு ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார்கள், அதைச் சரிக்கட்டுவது. எந்தக் கம்பைலர் தரப்படி நடக்கிறது என்று சோதிக்கும் புரோகிராம்களை அவருடைய குழு எழுதியது. ஆறு மாதம் பத்தொன்பது வருஷமாக நீண்டது. 1986இல், 79 வயதில், ரியர் அட்மிரலாகச் சீருடையைக் கழற்றினார். 1992 ஜனவரி 1 அன்று காலமானார்.