வாயில்லா உயிர்களுக்காக வாதாடிய ருக்மிணி தேவி அம்மையார்

திருவொற்றியூரில் வாழும் நம் சமூகப் பெரியவர் ஒருவருக்கு இதயத்திலிருந்து பெருந்தமனி புறப்படும் வாயிலிலுள்ள வால்வு சுருங்கிவிட்டது. மார்பைத் திறக்காமல், தொடையிலுள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் புதிய வால்வைப் பொருத்திவிடலாம் என மருத்துவர் கூறினார். அந்த வால்வு மாட்டின் இதயத்தைச் சூழ்ந்த உறையால் செய்யப்படுவது என்று அறிந்ததும் பெரியவர் தயங்கினார். மனிதருக்குப் பொருத்துமுன் இதை எத்தனை உயிர்களில் சோதித்திருப்பார்கள் என்பது அவர் எம்மிடம் கேட்ட அடுத்த வினா. அதற்கு விடை தேடப் புகுந்தபோது, இத்தகைய சோதனைகளுக்கு நம் நாட்டில் வரம்பு கட்டிய சட்டமும், அச்சட்டத்திற்காக மன்றாடிய அம்மையாரும் நினைவுக்கு வந்தனர்.

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர்; பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அடையாற்றில் அச்சபையின் சூழலில் வளர்ந்த ருக்மிணி, 1920இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். ஊரார் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவருக்கு வழிகாட்டியாக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையார், விலங்குகளை உயிருடன் அறுத்துச் செய்யும் ஆராய்ச்சியை வன்மையாக எதிர்த்தவர். நடனக் கலைக்கு ருக்மிணி தேவி ஆற்றிய தொண்டும், 1936இல் அவர் நிறுவிய கலாக்ஷேத்திராவும் யாவரும் அறிந்தவை. அவற்றை இங்கு விரிக்கவில்லை. அவர் பிறப்பால் சமணர் அல்லர். எனினும் இறுதிவரை மரக்கறி உணவே கொண்டவர். உலக மரக்கறி உணவாளர் சங்கத்தின் துணைத்தலைவராகவும் பல்லாண்டு விளங்கினார்.

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அம்மையார், அந்த இருக்கையை வாயில்லா உயிர்களுக்கான மேடையாக ஆக்கிக்கொண்டார். அந்நாளில் இராயபுரத்துத் துறைமுகச் சாலையில் மூட்டைகளை மலைபோல் ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாகச் செல்லும். நுகத்தடியில் புண்பட்ட கழுத்தோடு நுரை தள்ளி நின்ற எருதுகளை நம்முள் மூத்தோர் பலர் கண்டிருப்பர். அவற்றிற்கு ஆங்கிலேயர் காலத்துப் பழைய சட்டமே காவல். அது போதாது எனக் கருதிய அம்மையார் 1953இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அவையில் பிரதமர் நேரு அதன் நோக்கத்தை ஆதரித்துப் பேசி, அரசே குழு அமைத்து ஆராய்ந்து சட்டம் இயற்றும் என உறுதி கூறவே, அம்மையார் மசோதாவைத் திரும்பப் பெற்றார். உறுதி நிறைவேற ஆறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் பிறந்தது.

அச்சட்டத்தை முழுதும் படித்தால் சமணர் மனம் நிறைவடையாது. இதை மறைப்பதில் பயனில்லை. உயிரைக் காக்கவோ நோயைத் தீர்க்கவோ உதவும் அறிவைத் தேடி விலங்குகள் மீது செய்யும் சோதனை குற்றமாகாது என அதன் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆயினும் 17ஆம் பிரிவு சில கட்டுகளை விதிக்கிறது. இயன்றவரை மயக்க மருந்து கொடுத்தே சோதிக்க வேண்டும். நூல், மாதிரி உரு, திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்கக் கூடுமாயின் விலங்கைத் தொடலாகாது. வெறும் கைப்பழக்கத்திற்காகச் சோதனை செய்வதைத் தவிர்க்க வேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் அவ்வுயிரைப் பேண வேண்டும். ஒவ்வொன்றிற்கும் பதிவு இருத்தல் வேண்டும். இயன்றவரை என்னும் சொல் இப்பிரிவில் திரும்பத் திரும்ப வருவது எமக்கு உறுத்தலாகவே உள்ளது. அச்சொல்லின் நிழலில் எத்தனை உயிர்கள் துன்புற்றனவோ!

1962இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு விலங்கு நல வாரியம் அமைந்தது. அம்மையாரே அதன் முதல் தலைவர். சோதனைகளை மேற்பார்வையிடும் குழு 1964இல் ஏற்பட்டது. அதன் கை வலுப்பெற்றது 1998இல் வந்த விதிகளால்தான். ஆய்வுக்கூடங்கள் பதிவு செய்தாக வேண்டும், முன் அனுமதி பெற்றாக வேண்டும் என்ற கண்டிப்பைக் காண அம்மையார் இல்லை.

குரங்குகளின் கதை இன்னும் கொடியது. போலியோ மருந்து ஆராய்ச்சிக்கென ஆண்டுதோறும் பல்லாயிரம் குரங்குகள் நம் நாட்டிலிருந்து கூண்டுகளில் அனுப்பப்பட்டன. 1955 சனவரியில் இலண்டன் விமான நிலையத்தில் ஏறத்தாழ நானூறு குரங்குகள் காற்றின்றி மாண்டன. நாடெங்கும் கொதிப்பு எழுந்து, ஏற்றுமதி சிறிது காலம் நின்று, மீண்டும் தொடர்ந்தது. மொரார்ஜி தேசாயின் அரசு 1978இல்தான் முற்றிலும் தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே தேசாய் அம்மையாரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய முன்வந்தார். அம்மையார் அதை ஏற்கவில்லை.

1986 பிப்ரவரி 24ஆம் நாள் அம்மையார் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில், 1989 மே முதல் நாள், டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஆண்டர்சன், பன்றியின் வால்வைக் கம்பிச் சுருளில் தைத்து, குழாய் வழியே உயிருள்ள பன்றி ஒன்றின் உடலில் பொருத்திக் காட்டினார். பின்னர் பிரான்சின் கிரிபியேர் செம்மறியாடுகளில் சோதித்து, 2002 ஏப்ரல் 16இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய வால்வோ வேறு வகை. உலோகக் கூட்டில் நெகிழித் தட்டு அசையும். விலங்கின் திசு அதில் இல்லை. 1990 திசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் மார்பைத் திறந்தே வைக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ண வேண்டும். அதுவும் முதலில் செம்மறியாடுகளில் சோதிக்கப்பட்டதே.

இவ்வளவையும் பெரியவரிடம் ஒளிவின்றி எடுத்துரைத்தோம். சுருங்கிய வால்வை நெடுநாள் விட்டுவைத்தல் உயிருக்கு இடர் என்பதையும் வற்புறுத்தினோம். அமைதியாகக் கேட்டுக்கொண்ட அவர், தம் வயதில் மார்பைத் திறக்கும் அறுவையைத் தாங்க இயலுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்களை ஒரு தாளில் எழுதித் தரும்படி கூறினார். வரும் வாரம் அத்தாளுடன் தம் மகனை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லவிருக்கிறார்.